புதுத் தூண்டில் வாங்கப் போறீங்களா? முதல்ல பழசைப் பரண்ல இருந்து இறக்குங்க!

"திருவண்ணாமலைக்குப் போயிட்டு வந்தேன்" என்று ஆபீஸில் சொன்னால், "கிரிவலமா?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு திருவண்ணாமலை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், சின்னக் குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கும் திருவண்ணாமலை. 'தென் திருப்பதி' என்பார்கள். புரட்டாசி சனிக்கிழமை என்றால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரமே அங்கேதான் நிற்கும்.

புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. மீன்சட்டி கவிழ்ந்து கிடக்கும். சித்தப்பாவின் தூண்டிலும் பரண் ஏறிவிடும். அவருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. லீவு கிடைத்தால் கண்மாய்க்கரை. புரட்டாசி முடிந்து, தீபாவளி போய், ஐப்பசி மழையில் கண்மாய்க்குத் தண்ணீர் வரத் தொடங்கினால் அவருக்குப் புது சீசன் ஆரம்பம்.

இந்த முறை மலையிலிருந்து படி இறங்கும்போதே போனை நீட்டினார். "இந்த ராடு எப்படிம்மா இருக்கு? நீதான் ஆன்லைன்ல ரிவ்யூ எல்லாம் பாப்பியே."

விலையைப் பார்த்தேன். அவருடைய தீபாவளி போனஸில் பாதி.

சித்திக்கும் விலை தெரிந்திருந்தது. "போன வருஷம் மூணு பெரிய மீனு அத்துக்கிட்டுப் போச்சாம். அதுக்கு ராடு சரியில்லையாம். ஏம்மா, நீயாவது கேளு, ராடுதான் காரணம்னு இவருக்கு யாரு சொன்னா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. தூண்டில் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த நேரத்தில் வரும் சபலம் இது. இருப்பதில் எதை மாற்றுவது? எதை அப்படியே விடுவது? அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் பழைய சாக்கை விரித்து, மொத்த சாமானையும் கொட்டினோம்.

மீன் எங்கே போச்சு?

கடைக்குப் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். போன சீசனில் மீன் எந்த இடத்தில் கை நழுவியது?

மீன் கடித்தும் மாட்டவில்லை என்றால் முள்ளைப் பாருங்கள். மாட்டி, இழுக்கும்போது நரம்பு அறுந்தது என்றால் நரம்பையும், அது போகும் வழியையும் பாருங்கள். முடிச்சு இருந்த இடத்தில் அவிழ்ந்தது என்றால் கோளாறு கடையில் இல்லை, நம் கையில். லூர் போய்ச் சேரவேண்டிய தூரத்துக்குப் போகவில்லை என்றால் மட்டுமே ராடு, ரீல் பக்கம் போகலாம்.

சித்தப்பாவுக்கு மூன்று முறையும் நரம்பு அறுந்திருக்கிறது. மூன்று முறையும் முள்ளுக்கு ரொம்ப மேலே இல்லை, சில அடி தள்ளி. முடிச்சு அப்படியே இருந்ததாம். அவர் இரண்டு தடவை புது நரம்பு சுற்றியும் பார்த்துவிட்டார். அதனால்தான் பழி ராடு மேல் விழுந்தது.

நரம்பு: விரலுக்குத் தெரியும்

தங்கூசி நரம்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுங்கள். நல்ல நரம்பு வழவழவென்று போகும். சொரசொரப்பு தட்டினால் அந்த இடத்தில் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். சுருள் சுருளாகவே நின்றால், நிறம் வெளுத்திருந்தால், அதையும் மாற்றிவிடலாம். நைலானுக்கு வெயில் எதிரி. பைக்கின் பக்கவாட்டில் மாதக்கணக்கில் வெயில் காய்ந்த ரீலில் இருக்கும் நரம்பு, பார்க்கப் புதிதாக இருந்தாலும் நம்ப முடியாது.

பிரெய்டு நரம்புக்கு வெயில் பெரிய தொந்தரவு இல்லை. அது தேய்வது உரசலால்தான். பெரும்பாலும் முதல் சில மீட்டர்தான் நாசமாகும். அதை வெட்டி எறிந்தால் போதும். இன்னும் மோசம் என்றால், மொத்தத்தையும் கழற்றித் தலைகீழாகச் சுற்றலாம். ரீலின் அடியில் பயன்படாமல் கிடந்த நரம்பு மேலே வந்துவிடும். பைசா செலவில்லை.

எங்கள் வீட்டில் லக்கேஜ் எடை பார்க்கும் கைத்தராசு ஒன்று இருந்தது. சித்தப்பா நரம்பின் நுனிப் பகுதியை அதில் கட்டி இழுத்தோம். பாக்கெட்டில் 8 கிலோ என்று போட்டிருந்த நரம்பு, 3 கிலோ தாண்டியதும் 'பட்' என்று போனது. ரீலின் உள்ளே இருந்த பகுதியை இழுத்தோம். 7 கிலோ வரை தாங்கியது.

ஒரே நரம்பு. உள்ளே நன்றாக இருக்கிறது, நுனியில் மட்டும் செத்துவிட்டது. அப்படியானால் எதுவோ அதை அறுத்துக்கொண்டிருக்கிறது.

பஞ்சுக்குச்சி சொன்ன ரகசியம்

நரம்பு போகும் வழியில் உலோகமும் பீங்கானும் உரசும் இடங்கள் இரண்டு. ஒன்று, ரீலில் நரம்பு திரும்பும் இடத்தில் இருக்கும் குட்டி உருளை. அது சுழல வேண்டும். மண் ஏறி நின்றுவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் தேயும். விரலால் உருட்டிப் பார்த்தோம், சுழன்றது.

இன்னொன்று, ராடில் இருக்கும் வளையங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் துடைத்தோம். வளையம் நன்றாக இருந்தால் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால்கூட பஞ்சு இழை சிக்கிக்கொள்ளும். கீழிருந்து மேலே எல்லா வளையமும் பாஸ். கடைசியாக, நுனி வளையம். பஞ்சு சிக்கியது.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பீங்கான் வளையத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். எப்போதோ பைக்கில் கொண்டுபோகும்போது இடித்திருக்கும். ஒவ்வொரு முறை வீசும்போதும், இழுக்கும்போதும் அந்த விரிசல் நரம்பை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு தடவை மாற்றிய புது நரம்பும் அதில்தான் பலி.

சித்தி எட்டிப் பார்த்தார். "இம்புட்டூண்டு வளையத்துக்கா பாதி போனஸு?"

சித்தப்பாவிடம் பதில் இல்லை.

நுனி வளையம் தனியாகக் கிடைக்கிறது. பழையதைச் சூடாக்கித் தளர்த்திக் கழற்றி, அதே அளவு புதியதைப் பசை வைத்து ஒட்டிவிடலாம். மற்ற வளையங்களுக்கு நேராக அது நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் ராடின் மேல் நேரடியாகத் தீ படக் கூடாது. பழக்கம் இல்லையென்றால் மீன்பிடி சாமான் கடையிலேயே கொடுத்து மாற்றுங்கள்.

முள், ரீல்: சின்ன வைத்தியம் போதும்

முள் கூர்மையாக இருக்கிறதா என்று பார்க்கக் கட்டை விரல் நகம் போதும். நகத்தின் மேல் முள்ளின் நுனியை லேசாக வைத்து இழுங்கள். கீறிக்கொண்டு நின்றால் கூர்மை. வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கல். விராலின் வாய் கெட்டி. மழுங்கிய முள் அதில் இறங்காது. துரு ஏறிய முள்ளைத் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். தூண்டில் சாமான்களிலேயே மலிவானது முள்தான். மீனைத் தொடுவதும் அதுதான்.

ரீலை மாற்றும் முன் துடைத்துப் பாருங்கள். ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, கைப்பிடியிலும் உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு டிராக். பெரிய மீன் இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக் கொடுக்கும் பகுதி அது. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அதை வைக்க வேண்டும். 8 கிலோ நரம்பு என்றால் 2 கிலோவைத் தாண்டும்போது ரீல் நரம்பை விட வேண்டும். நின்று நின்று விட்டால், அந்த வெட்டி இழுப்பில்தான் மீன் போகும். அப்போது ரீலை சர்வீஸுக்குக் கொடுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் மட்டும் புதுசு. சீசன் முடிந்து பரணில் ஏற்றும்போது டிராக்கைத் தளர்த்தி வைத்தால் ரீலுக்கு ஆயுசு கூடும்.

ஃப்ளை ஃபிஷிங் ஆசை வந்தால்?

சித்தப்பாவின் போனில் இன்னொரு ஆசையும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் ஓடையில் நின்றுகொண்டு, நரம்பைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசும் ஃப்ளை ஃபிஷிங் வீடியோக்கள். "இதுக்கு ஒரு செட்டு வாங்கினா என்ன?"

இது நம் ஊருக்கு முற்றிலும் புதிது இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன்களை விட்டு, இப்படித்தான் பிடித்தார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் 1907-ல் தொடங்கிய டிரவுட் பொரிப்பகம் அதற்காக வந்ததுதான். இன்று இந்தியாவில் இந்த விளையாட்டுக்கு ஹிமாச்சல், காஷ்மீர் பக்கம் போகிறார்கள். ஹிமாச்சலில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் பிடிக்கத் தடை. மார்ச்சில் சீசன் திறக்கும். அங்கே போகிறவர்களும் பிப்ரவரியில் நம்மைப் போலவே சாமானைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். நம் தூண்டிலில் ஈயக்குண்டோ லூரோ கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும்தான். அதற்குக் கனமே இல்லை. கனம் நரம்பில் இருக்கிறது. 5-ம் நம்பர் நரம்பு என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம். ராடும் அதே நம்பரில் இருக்க வேண்டும். எனவே அங்கே காசு இருந்தால் முதலில் மாற்றுவது நரம்பைத்தான். மேல்பூச்சு வெடித்த நரம்பை எவ்வளவு விலை உயர்ந்த ராடாலும் ஒழுங்காக வீச முடியாது. வெடிப்பு இல்லை, அழுக்கு மட்டும்தான் என்றால், லேசான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாலே பாதி புதிதாகிவிடும். சின்ன டிரவுட்டுக்கு ரீல் என்பது நரம்பைச் சுற்றிவைக்கும் சாதனம்தான். அது கடைசி.

ஆனால், இந்த நரம்பை வீச முதுகுக்குப் பின்னால் நிறைய இடம் வேண்டும். நம் கண்மாய்க்கரையில் பின்னால் இருப்பது கருவேல மரம். "முதல் வீச்சுலயே மரத்துல மாட்டிக்கும் சித்தப்பா" என்றேன். சிரித்துவிட்டார்.

வாங்க வேண்டிய மற்ற சில

மிச்சமான காசில் மூன்று பொருள்களைச் சேர்த்தோம். ஒன்று, போலரைஸ்டு கண்ணாடி. தண்ணீர் மேல் அடிக்கும் வெளிச்சத்தைக் குறைத்து உள்ளே பார்க்க விடும். பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். இரண்டு, நீண்ட மூக்குக் குறடு. மூன்று, கருவேல முள் ஏறாத அடி கெட்டியான ஷூ.

நான்காவதாக ஒரு பழைய தண்ணீர் பாட்டில். காசில்லை. அறுந்த நரம்பைச் சுருட்டிப் போடுவதற்கு. அன்று காலை மலைக்கு வரும் வழியில் கண்மாய்க்கரைக் கருவேல மரத்தில் ஒரு கொக்கு தலைகீழாகத் தொங்கியதைப் பார்த்தோம். காலில் தங்கூசி. நாங்கள் பார்த்தபோது உயிர் இல்லை. சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. மாடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னார். "மூணு தடவை அந்துச்சுன்னு மீனுக்குத்தான் வருத்தப்பட்டேன். அந்த நரம்பு எங்க போச்சுன்னு யோசிக்கலம்மா."

நைலான் நரம்பு மக்காது. அறுந்து போகிற நரம்பு அடுத்து எதன் காலிலோ சுற்றும். விரிசல் விட்ட ஒரு வளையத்தைக் கவனிக்காமல் விட்டதற்கு மீனும் கொக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றன.

கிளம்பும் முன் இதையும் கவனியுங்கள்!

* கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார். அவரிடம் கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்.

* மலையடிவார ஓடைகளில் வேண்டாம். இந்தப் பக்கத்துக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்.

* கார்பன் ராடில் மின்சாரம் பாயும். மின்கம்பிக்குக் கீழே வீசாதீர்கள். ஐப்பசி இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள்.

* மடை பக்கம் ஆழமும் இழுப்பும் அதிகம். தனியாகப் போகாதீர்கள்.

* தண்ணீர் மேல் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் கீழே தாய் விராலும் தகப்பன் விராலும் காவல் இருக்கும். அங்கே போடாதீர்கள். அவற்றைப் பிடித்தால் மொத்தக் குஞ்சும் மற்ற மீனுக்கு இரை.

தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போன் செய்தார். பழைய ராடு, புது நுனி வளையம், புது நரம்பு, புது முள். போனஸ் கிட்டத்தட்ட அப்படியே சித்தியிடம்.

"என்ன சித்தப்பா, விரால் மாட்டுச்சா?"

"எங்கம்மா... நாலு ஜிலேபிதான். ஆனா ஒரு தடவைகூட நரம்பு அறுகல."

பின்னாலிருந்து சித்தியின் குரல் கேட்டது. "குழம்பு கொதிக்குது, வந்து புளி கரைச்சுக் குடுங்க!"