படகின் பூச்சும் சிப்பியின் ஓடும்

பிரான்சின் தென்மேற்குக் கரையிலுள்ள ஆர்க்காஷோன் விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பேர்போனது. 1970களின் பிற்பாதியில் அங்கே இளஞ்சிப்பிகள் கிடைப்பது அரிதாயிற்று. வளர்ந்தவற்றின் ஓடுகளோ அளவுக்கு மீறித் தடித்தன. அவற்றின் அடுக்குகளுக்கு நடுவே கூழ் தேங்கியது. உள்ளே சதை சிறுத்தது. அந்தச் சிப்பிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியவில்லை.

அங்கேயே கட்டிக்கிடந்த உல்லாசப் படகுகளின் பூச்சுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. நீரில் கிடக்கும் படகின் அடிப்புறத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொள்ளும். வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அதைத் தடுக்கத்தான் நஞ்சு கலந்த பூச்சு. அன்றைக்குப் பெயர்பெற்ற நஞ்சு டிபிடி எனப்படும் டிரைபியூட்டைல்டின், வெள்ளீயச் சேர்மம். நஞ்சு கொஞ்சங் கொஞ்சமாக நீரில் கசிந்தால்தான் பூச்சு வேலை செய்யும். கசிந்த நஞ்சுக்கு ஒட்டவரும் உயிர் எது, பக்கத்துப் பண்ணைச் சிப்பி எது என்ற வேறுபாடு கிடையாது.

இங்கிலாந்தின் பாறைக் கரைகளில் வாழும் நாய்ச்சங்கு என்ற கடல்நத்தைக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. முற்றிய நிலையில் முட்டை வெளிவரும் துளை அடைபட்டு, முட்டைகள் உள்ளேயே தங்கித் தாய் இறந்துபோகும். இந்த மாற்றம் தொடங்க ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் டிபிடி போதும். அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நாய்ச்சங்கின் குஞ்சுகள் கடலில் மிதந்து பரவுவதில்லை, முட்டைப் பையிலிருந்து ஊர்ந்துதான் வெளியேறும். அதனால் ஒரு கரையில் இனம் அற்றுப்போனால், வேறிடத்திலிருந்து வந்து நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.

25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இந்தப் பூச்சைப் பிரான்ஸ் 1982இல் தடைசெய்தது. ஆர்க்காஷோனில் சிப்பிகள் சீக்கிரமே தேறின. பிரிட்டன் 1987இல் அதே வழியில் வந்தது. பெரிய கப்பல்களையும் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் உருவாகி, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. சேதம் கண்ணெதிரே தெரிந்த பிறகும் இத்தனை ஆண்டுகள் கடத்தியதற்கு நியாயமே இல்லை. துறைமுகச் சேற்றில் படிந்த டிபிடி மெல்லத்தான் சிதையும். தூர்வாரும்போது மீண்டும் கிளம்பும்.

இன்று அதன் இடத்தில் பெரும்பாலும் செம்பு இருக்கிறது. டிபிடி அளவுக்குக் கொடியதல்ல என்றாலும், படகுகள் நெருங்கி நிற்கும் தேங்கிய நீரில் சேர்ந்து, சிப்பிகளின் கருவையும் இளம்பருவத்தையும் சிதைக்கும். படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய பூச்சைச் சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரியுங்கள். விழுந்த தூளைத் தண்ணீரில் தள்ளாமல் முழுவதையும் அள்ளி, அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.