காப்பி இயந்திரம் கெட்டுவிட்டதா?

வாங்கிய புதிதில் பொன்னிற நுரையுடன் மணக்க மணக்கக் காப்பி தந்த எஸ்பிரெசோ இயந்திரம், சில மாதங்களில் சொட்டுச் சொட்டாக வடிக்கத் தொடங்குகிறது. சுவையும் கசக்கிறது. “கெட்டுப்போய்விட்டது, வேறு வாங்கிவிடலாம்” என்று வீட்டில் முடிவாகிறது. சிங்கப்பூரில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. அந்தக் குவியலில் இன்னொன்றைச் சேர்ப்பதற்கு முன்னர், உண்மையில் கெட்டது எது என்று பார்த்துவிடுவது நல்லது.

காப்பிக்கடையில் துணி வடிகட்டியில் ஊற்றும் வெந்நீர் தன் எடையால் தானாகவே கீழே இறங்குகிறது. எஸ்பிரெசோ இயந்திரத்தில் அப்படியன்று. ஒரு பம்பு, 90 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட வெந்நீரை, இறுக்கி நிரப்பிய காப்பித்தூளின் வழியே தள்ளுகிறது. அதற்கு வேண்டிய அழுத்தம் சுமார் 9 பார். அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காப்பி 25 முதல் 30 விநாடிக்குள் இறங்கினால் இயந்திரம் நலமாக உள்ளது எனலாம்.

காப்பி இறங்காமல் அடைத்துக்கொண்டால் உடனே தூள் கைப்பிடியைத் திருகக் கூடாது. உள்ளே தங்கிய அழுத்தத்தால் சுடுநீரும் தூளும் முகத்தில் தெறிக்கும். பம்பை நிறுத்தி, சில நிமிடங்கள் பொறுத்த பின்னரே மெதுவாகக் கழற்ற வேண்டும். பிறகு, கைப்பிடி இல்லாமல் வெறும் நீரை ஓடவிட்டுப் பார்க்கலாம். நீர் தாராளமாகக் கொட்டினால் இயந்திரத்தின்மீது குற்றமில்லை. தூள் மிக நைசாக அரைக்கப்பட்டிருக்கும் அல்லது அளவுக்கு மீறி நிரப்பப்பட்டிருக்கும். மாறாக, பத்தே விநாடியில் வெளிறிய காப்பி ஓடிவந்தால் தூள் கொரகொரப்பாக இருக்கும், பழையதாகவும் இருக்கலாம். பாவம், இரண்டு வேளையிலும் பழி இயந்திரத்தின்மீதே விழுகிறது!

வெறும் நீரும் மெலிதாகவே வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது. மின்கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பலரும் பார்த்திருப்பர். நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து சூடேறும்போது அவ்வாறு படிகிறது. கேத்தலில் அது கண்ணுக்குத் தெரியும். காப்பி இயந்திரத்திலோ மெல்லிய குழாய்களுக்குள் மறைந்திருக்கும். கையேட்டில் குறிப்பிட்டுள்ள படிவு நீக்கியை நீரில் கலந்து ஓடவிட்டு, பின்னர் நல்ல நீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். காப்பிக்கொட்டையின் எண்ணெய் இன்னொரு தொல்லை. நீர் இறங்கும் சல்லடையில் அது பிசுபிசுவென ஒட்டிக்கொண்டு, நாள்படச் சிக்கு வாடை வீசும். நல்ல தூளைப் போட்டும் காப்பி கசக்கிறது என்றால் அந்தச் சல்லடையைத்தான் முதலில் கழற்றிக் கழுவ வேண்டும்.

பால் நுரைக்கும் நீராவிக் குழாயை ஒவ்வொரு முறையும் உடனே ஈரத்துணியால் துடைத்து, சற்று நீராவியை வெளியேற்றினால் போதும். காய்ந்த பால் சிமெண்டுபோல் இறுகிவிடும்.

பம்பு உறுமியும் நீர் வரவில்லையா? தொட்டி காலியானபோது உள்ளே காற்று புகுந்திருக்கக்கூடும். தொட்டியை நிரப்பி, நீராவிக் குழாயைத் திறந்துவைத்துப் பம்பைச் சிறிது நேரம் இயக்கினால் காற்று வெளியேறிவிடும். கைப்பிடியைச் சுற்றி நீர் கசிந்தால், அங்குள்ள இரப்பர் வளையத்தில் தூள் ஒட்டியிருக்கும் அல்லது வளையம் சூட்டில் இறுகிப்போயிருக்கும். ஒட்டிய தூளைத் துடைத்தும் கசிவு நிற்காவிட்டால் வளையத்தை மாற்ற வேண்டும். முழு இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சொற்பம்.

இயந்திரத்தின் அடியிலிருந்து நீர் ஒழுகினாலோ, பொத்தானை அழுத்தியதும் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலோ, செருகியைக் கழற்றிவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அந்த மூடியை வீட்டில் திறக்கக் கூடாது.