நெட் வருது, பேர்தான் தெரியல

2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது அப்படித்தான். பார்த்த வேகத்தில் விண்டோஸுக்கே திரும்பியவர்களும் உண்டு.

லினக்ஸ் வைத்திருப்பவர் “நெட் வரமாட்டேங்குது” என்றால் இரண்டில் ஒன்று. லைனே இல்லை, அல்லது லைன் இருக்கிறது, பெயருக்கு எண் கிடைக்கவில்லை.

நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் முட்டை விலை பார்க்க, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசியின் தளத்தைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயரை வைத்துக்கொண்டு கணினியால் எங்கும் போக முடியாது. ஐபி எண் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவது டிஎன்எஸ். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு. அது படுத்துவிட்டால், லோடு ஏற்றி ரோட்டுக்கு வந்த லாரியின் டிரைவரிடம் இறக்க வேண்டிய விலாசம் இல்லாத கதைதான்.

கண்டுபிடிப்பது சுலபம். டெர்மினலில் பிங் என்று அடித்து, பக்கத்தில் கூகுளின் பொது டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 கொடுக்க வேண்டும். பதில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. அடுத்து எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயர். அங்கே மட்டும் தகராறு என்றால் டிஎன்எஸ்தான். எண்ணுக்கே பதில் இல்லையா? கணினியின் சொந்த ஐபி எண்ணைப் பார்க்கலாம். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் எண் எதுவும் தரவில்லை என்று பொருள். கேபிளையும் வைஃபையையும் கவனிக்க வேண்டும்.

டிஎன்எஸ் சர்வரின் எண் ‘ரிசால்வ்.கான்ஃப்’ என்ற கோப்பில் இருக்கும். உபுண்டுவில் அதைத் திறந்தால் 127.0.0.53 என்று இருப்பதைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுகிறார்கள். அது வெளியாள் இல்லை. கேள்வியை வாங்கி வெளியே அனுப்ப அந்தக் கணினிக்குள்ளேயே ஓடும் ஒரு சேவை. கோப்பில் அந்த எண்ணை அழித்து 8.8.8.8 என்று எழுதிவிட்டு, மறுநாள் பழையபடி இருக்கிறதே என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம். கணினி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்படலாம். மாற்ற வேண்டிய இடம் நெட்வொர்க் செட்டிங்கில், ஐபிவி4 பகுதியில். தானியங்கி டிஎன்எஸ்ஸை அணைத்துவிட்டு அங்கே எண்ணைக் கொடுத்து, இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தால் நிலைக்கும்.

ஒரே ஒரு தளம் மட்டும் மக்கர் செய்தால் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பைப் பார்ப்பது நல்லது. டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன்பே லினக்ஸ் வழக்கமாகப் புரட்டுவது அதைத்தான். ஆபீஸ் சர்வருக்காக எப்போதோ எழுதிய பழைய எண் அங்கே கிடந்தால், கணினி அதையே நம்பிப் போகும்.

பழைய அரசு லேப்டாப்பில் இன்னொரு வில்லங்கம் உண்டு. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பிங் சரியாக வரும், பெயரும் கிடைக்கும், ஆனால் பிரவுசர் ‘பாதுகாப்பற்றது’ என்று கதவைச் சாத்திவிடும். தேதியைத் திருத்தினால் தளம் திறக்கும். பேட்டரியை மாற்றும்வரை, கரண்ட் போய் லேப்டாப் முழுதாக அணையும்போதெல்லாம் இதே வேலைதான்.