கரியும் மலைநாட்டுக் குடிநீரும்

தொட்ட கையைக் கறைப்படுத்தும் கரி, நீரையும் காற்றையும் தூய்மையாக்கும் என்பது வியப்புக்குரியதே. ஆயினும் மணலும் கரியும் இட்ட குடங்களை அடுக்கி நீர் வடிக்கும் முறை கீழ்வகுப்புச் சுகாதாரப் பாடத்தில் நம்மிற் பலர் கற்றதாகும். அம்முறையின் வளர்ச்சியே ஆலைகளில் ஆக்கப்படும் உயிர்ப்பூட்டிய கரி.

சிரட்டையைக் காற்றுப் புகாமற் சுட்டுக் கரியாக்கி, அதனை ஏறக்குறைய 900 பாகை செல்சியசு வெப்பத்தில் நீராவியிடையே மீண்டும் சுடுவர். நீராவி கரியினுள்ளே எண்ணிறந்த நுண்டுளைகளைக் குடைகிறது. அதனால் ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர், அஃதாவது கால் ஏக்கர் நிலத்தின் அளவாகிறது. நிறமும் நாற்றமும் தரும் சேதனப் பொருள்களும், பூச்சிகொல்லிகள் பலவும் அப்பரப்பிலே பற்றிக்கொள்கின்றன. இதுவே புறத்துறிஞ்சல். கரி கரைசல்களின் நிறத்தை நீக்குவதை 1785இல் உருசியாவில் லோவிட்சு என்னும் இரசாயனர் கண்டறிந்தார்.

கரித்தூளைப் பிணைபொருளோடு பிசைந்து, இடியப்பம் பிழிவதுபோல் துளைத்தட்டின் வழியே பிழிந்து, நறுக்கிச் சுட்டெடுத்தால் சிறு உருளைகள் கிடைக்கும். இவை எளிதில் நொறுங்கா. இடையே காற்றுத் தடையின்றிச் செல்லும். ஆதலால் உருளைக்கரி பெரிதும் காற்றுக்கும், குறுணிக்கரி பெரிதும் நீருக்கும் பயன்படுகின்றன. இலங்கையில் 1973இல் தொடங்கப்பட்ட ஹேகார்ப் நிறுவனம் சிரட்டைக்கரியிலிருந்து இப்பொருளை ஆக்கி வெளிநாடுகளுக்கு அனுப்பி வருகிறது.

இனி மலைநாட்டை நோக்குவோம். ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் லயங்களில் வாழ்வோர் பலர் ஊற்றுநீரையும் ஓடைநீரையும் குழாய் வழியாகவோ பீலி வழியாகவோ பெறுகின்றனர். மேலே தேயிலை மலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் தெளித்த மருந்தை மழை கழுவிக் கீழே கொணரக்கூடும். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடியே களனி கங்கையாகிக் கொழும்புக்கும் நீரூட்டுகின்றன. ஆதலின் இது மலையகத்தார் கவலை மட்டுமன்று.

மருந்தின் எச்சத்தைக் குறைக்கக் கரி உதவும். ஆனால் வயிற்றோட்டத்தையும் செங்கமாரியையும் விளைக்கும் கிருமிகளைக் கரி கொல்லாது. மாறாக, நெடுநாள் மாற்றாத ஈரக்கரியில் பற்றீரியா பெருகவுங்கூடும். துளைகள் நிரம்பிய கரி பயனற்றது; அதனைக் காலந்தவறாது மாற்றல் வேண்டும். கரியில் வடித்த நீரையும் கொதிக்கவைத்தே பருகல் வேண்டும்.

காற்றிலும் கரிக்கு எல்லையுண்டு. நாற்றத்தையும் சேதன ஆவிகளையும் அது பற்றும்; விறகடுப்பின் புகைத்துகளைத் தடுக்க அது போதாது. அதற்குப் புகைபோக்கியே வழி. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டினால் எழும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது, உயிரைக் கொள்ளவல்லது. சாதாரண உயிர்ப்பூட்டிய கரி அதனைப் பற்றாது. அங்கே உயிர்காப்பது திறந்த சாளரமே.

மலைநாட்டுப் பாடசாலைகளிலே பணிபுரியும் பழைய மாணவர்கள் மையிட்ட நீரை இக்கரியில் வடித்து மாணவருக்குக் காட்டுவாராக. நிறம் நீங்குவது கண்டு அவர்கள் மகிழும்போது, தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று என்பதையும் உடன் சொல்வாராக. கரியின் ஆற்றலை அறிவது கல்வி. அதன் எல்லையையும் அறிவதே உயிர்காக்கும் கல்வி.