பராமரிப்பவருக்கும் ஒரு துணை

முதுமை மறதி நோயைப் பற்றி நம் மக்களிடையே இன்னும் தயக்கம் இருக்கிறது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொல்லி மூடிவைக்கிறோம். சாவியை வைத்த இடம் மறந்துபோவது எவருக்கும் நேரும். சாவி எதற்குப் பயன்படுகிறது என்பதே புரியாமற்போனால் மருத்துவரை நாட வேண்டும். மூளையின் உயிரணுக்கள் படிப்படியாகச் சேதமுறுவதால் ஏற்படும் இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் இந்நோய் கண்டோர் 2013ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டினர் என்றும், 2023ஆம் ஆண்டில் 8.8 விழுக்காட்டினர் என்றும் மனநலக் கழகத்தின் ஆய்வுகள் தெரிவித்தன.

நான் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சை அளிப்பவள். நோயாளிகளின் இல்லங்களுக்கே செல்வது என் பணி. "அம்மாவுக்கு என்ன பயிற்சி கொடுக்கப் போறீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது கேட்பவரின் முகத்தை. பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். இரவில் நான்கைந்து முறை எழுந்தவர். கோயிலுக்கு வந்து மாதக்கணக்கானவர். அவருக்கு அறிவுரை சொல்ல உறவினர் பலர் உண்டு. ஓர் இரவு வந்து தங்குவோர்தாம் குறைவு.

இல்லச் சிகிச்சையால் பயனுண்டா என்று ஐயுறுவோருக்கு நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வைக் கூறுவேன். மோட் கிராஃப் என்பாரும் அவருடைய குழுவினரும் 135 நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்போரையும் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. ஒரு சாராருக்கு ஐந்து வாரங்களில் பத்து முறை செயல்வழிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அந்த நோயாளிகள் அன்றாட வேலைகளை மேலும் நன்றாகச் செய்தனர்; பராமரிப்போருக்கோ "என்னால் முடியும்" என்ற தெம்பு கூடியது. பன்னிரண்டாம் வாரத்திலும் பயன் நீடித்தது.

அந்தத் தெம்பு எப்படி வருகிறது? நான் சென்ற ஒரு வீட்டில் அம்மையாருக்கு மகளின் பெயர் நினைவில்லை. மல்லிகையையும் நூலையும் கையில் கொடுத்தோம். விரல்கள் தாமாகவே கட்டத் தொடங்கின. நடந்த நிகழ்ச்சிகளைக் காக்கும் மூளைப்பகுதி வேறு, கைப்பழக்கத்தைக் காக்கும் பகுதி வேறு. பின்னது நெடுநாள் நிலைக்கிறது. கட்டு தளர்வாகத்தான் இருந்தது. பிரித்துச் சரிசெய்ய வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். சரம் சாமி படத்துக்குப் போயிற்று; மகளுக்குக் காப்பி குடிக்க இருபது நிமிடம் கிடைத்தது.

மாலை வேளையில் பலர், "வீட்டுக்குப் போகணும்" என்று கதவருகே நிற்பார்கள். "இதுதாம்மா உங்க வீடு" என்று வாதிட்டால் பதற்றம் கூடும். "அங்க யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டுப் பேச்சுக் கொடுத்து, தேநீர் தந்து, இருட்டுமுன் விளக்கைப் போட்டுவிட வேண்டும். கழிவறைக் கதவைத் திறந்துவைத்து, இரவிலும் உள்ளே விளக்கெரிய விடலாம். கறுப்பு நிறக் கால்மிதியை எடுத்துவிடுங்கள். அவர்கள் கண்ணுக்கு அது குழிபோல் தோன்றலாம்.

பிற்காலத்தில் கற்ற மலாயும் ஆங்கிலமும் முதலில் நழுவ, தாய்மொழி மட்டும் எஞ்சுவதுண்டு. அத்தகைய வீட்டில் பணிப்பெண்ணுக்குப் பசி, வலி, தண்ணீர் என்று பத்துத் தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுப்பேன். மருந்துச்சீட்டுக்கு இணையானது அது என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடலாகாது. ஓரிரு நாளில் குழப்பம் திடீரென முற்றினால் அதை மறதி நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, மலச்சிக்கலோ, புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நன்கொடை வழங்கும் அன்பர்கள், தம்மால் வேறென்ன செய்யவியலும் என்று கேட்பதுண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டு மணி நேரம் அந்த முதியவருடன் அமர்ந்திருங்கள். மகள் கோயிலுக்குப் போய் வரட்டும். முதல் இரண்டு முறை, மகள் வீட்டில் இருக்கும்போதே சென்று பழகுங்கள். அறியாத முகம் அவர்களை அச்சுறுத்தும். எதிரே அமர்ந்து உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். "என்னை யாருன்னு தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.