சந்தனக் கொட்டையும் எலியும்



சித்தூர், திருப்பதிப் பக்கம் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் சிலருக்கு வீட்டுக் கொல்லையோ, ஊருக்கு வெளியே துண்டு நிலமோ இருக்கிறது. அங்கே என்ன மரம் வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சந்தனத்தைச் சொல்வது வழக்கம். உடனே, "அதை எலி விடுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ஒன்று. சந்தனம் வேறு, செம்மரம் வேறு. சேஷாசலம் மலைக்குப் பேர் வாங்கித் தந்த செம்மரத்துக்குச் சந்தன மணம் கிடையாது. அதன் காய் தட்டையாக, சுற்றிலும் இறகு வைத்தது போல இருக்கும். சந்தனத்துக்கோ சிறு உருண்டைப் பழம். பழுத்தால் கருநீலமாகும். உள்ளே கெட்டியான ஓடும், எண்ணெய்ச் சத்துள்ள பருப்பும் உண்டு. அந்தப் பருப்புக்குத்தான் எலியும் அணிலும் அலைகின்றன.

மரத்தில் பழம் ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடி செப்டம்பர், அக்டோபரிலும் கிடைக்கும். நன்கு பழுத்ததைப் பறித்து, தண்ணீரில் பிசைந்து தோலும் சதையும் போகக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு கிலோவில் சுமார் 6,000 கொட்டைகள் இருக்கும். புதுக் கொட்டை உடனே முளைக்காது. இரண்டு மாதம் உறங்கும். பிறகு 0.05 சதவீத ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக வரும்.

மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு செம்மண்ணும் கலந்து மேட்டுப்பாத்தி போடுங்கள். எலியைத் தடுக்கும் வேலை விதைக்கும் அன்றே தொடங்க வேண்டும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைப் பாத்தியைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணில் புதைத்து, மேலேயும் மூடிவிடுங்கள். பக்கத்தில் புல், குப்பை, கல் குவியல் வேண்டாம். எலிக்கு அவைதான் வீடு. முளை வந்ததும் வலையை எடுத்துவிடாதீர்கள். கொட்டை முளையின் தலையில் தொப்பி போல ஏறி நிற்கும். அதைத் தின்ன வரும் எலி முளையையே கடித்துப் போட்டுவிடும். தொப்பி உதிர்ந்து இலை விரிந்த பிறகே வலையை அகற்றலாம். எலிப்பொறி வைக்கலாம். விஷம் வேண்டாம். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். பிறகு எலி பிடிக்க யார் இருப்பார்கள்?

நாலு இலை வந்ததும் நாற்றைப் பைக்கு மாற்றி, கூடவே ஒரு துவரை விதையும் ஊன்றுங்கள். சந்தனம் தன் வேரால் அடுத்த செடியின் வேரைப் பற்றி உணவு எடுக்கும் மரம். துணையில்லாமல் தேறாது. துவரை மேலோங்கி நிழல் கட்டினால் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். நிலத்தில் நட்ட பிறகு சவுக்கு, புங்கன் போன்றவை துணையாகும்.

நாற்று வேண்டாம், நேரே விதைக்கலாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. வனத்துறையினர் நீண்ட மூங்கில் கழியின் கணுக்களைக் குடைந்து, ஒரு முனையைக் கூராக்கி, முட்புதருக்குள் செருகி, துளை வழியே கொட்டைகளைப் போடுவார்கள். ஆடு மாடு நுழைய முடியாத அந்த முள்ளே செடிக்குக் காவல். புதரின் வேரே அதற்குத் துணை.

இதில் லாபக் கணக்கு மட்டும் பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போதாது. வைரம் பாய்ந்து பலன் தர இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகும். வெட்டவும் எடுத்துச் செல்லவும் வனத்துறை அனுமதி தேவை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நடும்போதே பதிவு பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 பேர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்த ஏழைக் கூலிகள். அந்தச் செய்தியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கோடாலி எடுத்தவனுக்குக் கிடைத்தது நாள் கூலி. மரத்தின் விலை வேறு யாருக்கோ போனது. இந்த மலைநாட்டில் வாழும் நம் பிள்ளைகளாவது மரத்தை விதையிலிருந்து அறியட்டும். ஒரு வீட்டுக்கு நாலு கன்று போதும். இந்த மழைக்காலத்துக்குள் கொட்டை சேகரித்து வையுங்கள். ஈரமில்லாத துணிப்பையில், எலி எட்டாத உயரத்தில்!