தேய்வது எது, தேயாதது எது?

பளையின் காற்றாலைகளுக்கும், ஏ-9 வீதியால் ஓடும் ஒரு வானின் பொனற்றுக்குள் இருக்கும் ஓல்ரனேற்றருக்கும் விதி ஒன்றுதான். கம்பிச் சுருளை ஊடறுக்கும் காந்தப்புலம் மாறினால் அந்தச் சுருளில் மின் பிறக்கும். 1831இல் லண்டனில் மைக்கேல் பரடே இதைக் கண்டறிந்தார். ஓல்ரனேற்றர் பழுதானால் புதியது வாங்குவதா, திருத்திப் புதுப்பித்ததைப் பூட்டுவதா என்ற கேள்விக்கும் இந்த விதியிலேயே விடை இருக்கிறது.

ஓல்ரனேற்றரின் நடுவே சுழலி இருக்கிறது. எஞ்சின் பெல்ற் அதை எஞ்சினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. இரண்டு காபன் பிரஷ்கள் வழியாகச் சிறு மின்னோட்டம் போய் அதைக் காந்தமாக்குகிறது. சுற்றிவர அசையாத இரும்பு வளையத்தில் செம்புக் கம்பிகள். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த காற்று இடைவெளி. ஹெட்லைற்றும் ஏசியும் இழுக்கும் மின்சாரம் முழுவதும் அந்த இடைவெளிக்கு அப்பால், எதுவும் எதையும் தொடாமலே பிறக்கிறது!

பிறப்பது ஆடலோட்டம், பற்றரிக்குத் தேவை நேரோட்டம். மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்கள், பொதுவாக ஆறு, அதை மாற்றிக் கொடுக்கின்றன. றெகுலேற்றர் அழுத்தத்தை 14 வோல்ற்றை ஒட்டி வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் இருந்தது டைனமோ. அதில் முழு மின்னோட்டமும் பிரஷ்கள் வழியாகவே வெளிவர வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றரி ஏறாது. சிலிக்கன் டயோட் வந்தபின் நிலைமை மாறியது. 1960இல் கிறைஸ்லர் தன் வலியன்ற் காரில் ஓல்ரனேற்றரைப் பொருத்தியது.

போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத வடக்கில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, அதன் டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். பெயர் டைனமோ என்றாலும், குப்பி போன்ற அந்தச் சிறு கருவிக்குள்ளும் காந்தம் சுழல, சுருளில் ஆடலோட்டமே பிறந்தது.

இனிப் பழுதைப் பார்ப்போம். உரசும் இடம் தேயும்: பிரஷ், அது தொடும் செம்பு வளையம், பெயாரிங். வெப்பம் தாக்கும் இடம் சாகும்: டயோட், றெகுலேற்றர். செம்புச் சுருளும் இரும்பும் அலுமினிய உடலும் எளிதில் தேய்வதில்லை. ஆகவே நல்ல கை இவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றினால், அந்த ஓல்ரனேற்றர் புதியதற்கு நிகராக உழைக்கும். 1085 பாகை செல்சியசில் உருகும் செம்பை மறுபடி உருக்கும் எரிசக்தியும் மிச்சம்.

ஆனால் சுருளின் காப்புப்பூச்சு கருகியிருந்தால், செம்பு வளையம் அடிவரை தேய்ந்திருந்தால், பெயாரிங் உட்காரும் குழி அகன்றிருந்தால் புதியதே நல்லது. கழுவி வர்ணம் அடித்தது புதுப்பித்தது ஆகாது. ஜப்பானில் பழைய வாகனத்திலிருந்து கழற்றி வந்ததும் ஆகாது. எந்தெந்தப் பாகம் மாறியது என்று கேளுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். மலிவான புதிய நகலைவிட, ஒழுங்காகப் புதுப்பித்த அசல் மேல். கணினி கட்டுப்படுத்தும் புதிய ரக வாகனங்களில் றெகுலேற்றர் அந்த மொடலுக்கே உரியதாக இருக்க வேண்டும்.

அதற்கும் முன், பழுது ஓல்ரனேற்றரில்தானா என்று பாருங்கள். கடலேரியின் உப்புக்காற்று பற்றரி முனைகளையும் ஏர்த் வயரையும் அரிக்கும். பெல்ற் தளர்ந்தாலும் சார்ஜ் குறையும். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ற்றளவு காட்டும். பழைய ரக வாகனத்தில் எஞ்சினை ஓடவிட்டு, லைற்றும் ஃபானும் போட்ட பிறகும் 13.8க்கும் 14.4க்கும் இடையே நின்றால் ஓல்ரனேற்றர் தன் வேலையைச் செய்கிறது. ஒரு சிறிய மீற்றரும் ஐந்து நிமிடமும் போதும். காசை எடுக்குமுன் அந்த அளவை எடுங்கள்.